மூன்றெழுத்து, இடமிருந்து வலம்

ஆனியும் ஆடியும் தென்காசியில் சாரல் காலம். மலையைத் தாண்டி வரும் தூறலில் துணியும் காயாது, வெளிவேலையும் ஓடாது. எங்கள் வீட்டில் வார இதழின் குறுக்கெழுத்துக்கு அதுதான் பருவம். சித்தி பென்சிலோடு திண்ணையில் உட்காருவாள். ஆச்சி பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டே காது கொடுப்பாள்.

ஆச்சிக்கு எழுதத் தெரியாது. ஆனாலும் பாதிக் கட்டங்கள் அவளால்தான் நிறையும். "தானியம் குத்த உதவுவது" என்று சித்தி வாசித்து முடிக்குமுன் "உலக்கைல்லா" என்பாள். நுகம், மேழி, உறி, திருகை, நாழி எல்லாமே வீட்டிலோ தொழுவிலோ கிடந்த சாமான்கள்; அவற்றுக்கு அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

ஒருமுறை "அரிசி புடைக்க உதவுவது" என்று வந்தது, மூன்றெழுத்து. சித்தி 'சுளகு' என்று எழுதிவிட்டாள். மேலிருந்து கீழாக வந்த பால் மாட்டுக்கு விடை 'கறவை'. இரண்டும் சந்திக்கும் நடுக்கட்டத்தில் 'ள' உட்கார்ந்திருக்க, அங்கே 'ற' அல்லவா வேண்டும்? மெட்ராஸ் இதழ் கேட்டது முறத்தை. "என் கையில இருக்கது சுளகுதாம்ட்டி. அவாளுக்கு முறம்னா முறம்னு எழுதிக்கோ" என்றாள் ஆச்சி.

தமிழில் கட்டம் போடுவது லேசான வேலையில்லை. புள்ளி வைத்த மெய் எந்தச் சொல்லுக்கும் முதலெழுத்தாக வராது. தமிழ்ச் சொற்கள் 'ற'விலும் 'ள'விலும்கூடத் தொடங்குவதில்லை. ஆகவே முறத்தின் நடுவெழுத்தைத் தொட்டுச் செல்லும் சொல், கறவை போல அதைத் தன் நடுவிலோ கடைசியிலோ வைத்திருக்க வேண்டும். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வோர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் முதல் கட்டத்தை வெளியிட்டபோது அவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1930களில் ஆனந்த விகடன் பரிசுத் தொகையோடு குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய காலம் தொட்டு, தமிழில் கட்டம் அமைத்த பெயர் தெரியாத எத்தனையோ பேர் இந்த இலக்கணத்துக்குள் நின்றுதான் விளையாடியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

'கோட்டை' என்ற விடைக்கு அவர்கள் தரும் குறிப்பு எப்போதும் அரண், அரசன், அகழி என்றே இருக்கும். எங்கள் பக்கம் 21 மரக்கால் நெல் ஒரு கோட்டை. வயலின் பரப்பைக்கூட அது கொள்ளும் விதைநெல்லால் சொல்வார்கள்: இத்தனை கோட்டை விதைப்பாடு என்று. 1960களில் கிலோவும் லிட்டரும் கடைக்கு வந்தன. அதற்குப் பிறகும் எங்கள் வீட்டு மரக்கால் வெகுகாலம் நெல் அளந்தது.

இப்போது என் தங்கை பேத்தி ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் கட்டம் நிரப்புகிறாள். கெட்டிக்காரி. குறுக்கே வந்த எழுத்துகளைக் கூட்டிப் பார்த்து 'திருகை' என்று சரியாக எழுதிவிட்டு, "அப்படின்னா என்ன தாத்தா?" என்று கேட்கிறாள். அன்று சாமான் கண்ணெதிரே கிடந்தது, எழுத்து தெரியாதவளே விடை சொன்னாள். இன்று எழுத்தே விடையைக் கொண்டுவந்துவிடுகிறது, சாமானை செல்போன் படத்தில் தேட வேண்டியிருக்கிறது. ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு விடுதி முற்றத்தில், திருகைக்குப் பதிலாக ஆட்டுக்கல்லைக் காட்டினேன். குழிக்குள் மண் நிரப்பிப் பூச்செடி வைத்திருந்தார்கள். குழவியைக் காணோம். அதில் மாவு ஆட்டுவதெப்படி என்று வெறுங்கையால் சுற்றிக் காட்டியபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

இந்தச் சொற்களை மதித்தவர்கள் இல்லாமலில்லை. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யிடம் மனதைப் பறிகொடுத்தவர் கி. ராஜநாராயணன். கரிசல் வட்டாரத்துப் பேச்சுச் சொற்களுக்கு அகராதி கண்டவரும் அவரே. சுளகு சொல்லும் வீட்டுக்கு அப்படி ஒரு நூல் எவ்வளவு பெரிய தைரியம்!

கட்டம் அமைப்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. 'பழங்கால நீர்ப்பாசனக் கருவி' என்று எழுதாதீர்கள். அது பொருளின் வயதை மட்டும் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்துக் கிணறுகளில் நடந்ததை அப்படியே குறிப்பாக்குங்கள்: "மாடு சரிவில் இறங்கினால் தோல்கூனை நீரோடு மேலே வரும், மாடு பின்னோக்கி நடந்தால் கூனை மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். மூன்றெழுத்து." கமலையைக் கண்ணால் பார்க்காத பிள்ளையும் மாட்டை முன்னும் பின்னும் நடத்திப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கட்டத்தில் எழுத்தை வைக்கும்.