நிக்கிற இடத்தப் பாரு மருமவனே

ஏ மருமவனே, வா, உக்காரு. மூஞ்சி ஏன் தொங்குது? டவுன்லோடு மறுபடி நின்னுபோச்சா? நீ போன்ல நெட்டுக்காரன வைஞ்சது எங்க தெரு வரைக்கும் கேட்டுது. அந்த வார்த்தையில பாதி நான் ஒனக்குச் சொல்லிக்குடுத்தது இல்ல, எங்க படிச்சே? அக்கா, இவனுக்குக் கொஞ்சம் மோரு குடு, தொண்டை காஞ்சிருக்கும்.

எனக்கு இந்தக் கம்ப்யூட்டரப் பத்தி என்ன தெரியும் சொல்லு? டெலிபோன் கம்பத்துல ஏறி எறங்கி முழங்கால் தேஞ்ச லைன்மேன். நீ படிச்ச பிள்ள. ஆனா கம்பம் ஏறுனவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. போன் பேசலன்னு புகார் வந்தா, எக்ஸ்சேஞ்சுலேருந்து வீடு வரைக்கும் கம்பிய மாத்த மாட்டோம். தெருவுல இருக்க டிபி பெட்டியில இணைப்பக் கழத்திட்டு, பழுது அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னு பாப்போம். பாதி வேல அங்கனயே முடிஞ்சிரும். நீ என்ன செய்யுதே? நின்னா மறுபடி மொதல்லேருந்து அமுக்குதே. திரும்ப நின்னா திரும்ப அமுக்குதே. அதுக்கும் கேக்கலன்னா சிபியு தலையில ஒரு தட்டு. அது என்ன, கணக்கு தெரியாத பிள்ளையா?

நான் ஒரே கேள்விதான் கேக்கேன்: எங்க நிக்குது? தொடங்கவே மாட்டேங்குதா? நெனச்ச நெனச்ச எடத்துல நிக்குதா? ஒவ்வொரு தடவயும் ஒரே எடத்துல நிக்குதா? இல்ல, முழுசா எறங்கிட்டுத் தொறக்க மாட்டேங்குதா? நாலும் நாலு நோவு. நீ நாலுக்கும் ஒரே கசாயம் காய்ச்சுதே.

தொடங்கவே இல்லன்னா, மொதல்ல வலது பக்கம் கீழ் மூலையில கடிகாரத்தப் பாரு. என்ன, 2009 சனவரி 1ஆ? பலே! அப்ப ஒனக்கு இன்னும் கலியாணமே ஆகல. கொடுத்துவச்சவன்தான் போ. மதர்போர்டுல வட்டமா ஒரு பேட்டரி இருக்கும், பேரு சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். சுவிட்ச அணைச்சாலும் தேதிய நெனப்புல வச்சிருக்கது அதுதான். பல வருசம் ஒழைச்சிட்டு அது ஒருநாள் செத்துப்போகும். பொறவு நீ சுவிட்ச அணைச்சுட்டுப் படுத்தா, காலையில கம்ப்யூட்டர் பழைய தேதியில முழிக்கும்.

இப்பத் தளங்களெல்லாம் சான்றிதழ் காட்டித்தான் பேசும். அதுக்கு இன்ன தேதியிலேருந்து இன்ன தேதி வரைக்கும்னு கெடு உண்டு. ஒன் கம்ப்யூட்டரு 2009ல ஒக்காந்துக்கிட்டு, 'இது இன்னும் நடப்புக்கே வராத சான்றிதழ், ஏமாத்து வேல'ன்னு கதவச் சாத்திரும். அதுக்கு நீ கஸ்டமர் கேருல ஒரு பிள்ளையப் பிடிச்சுக் கத்துதே. அந்தப் பிள்ள 2009ல பாவாடை சட்டையில பள்ளிக்கூடம் போயிக்கிட்டு இருந்திருக்கும். பிளக்கப் பிடுங்கிட்டு, பேட்டரிய மாத்து, தேதியத் திருத்து. டீயும் வடையும் தின்னுற காசுதான் ஆகும்.

தேதி சரியா இருந்தும் தொடங்கலன்னா, பெரும்பாலும் ஒன் மெசினுக்கு வயசாகிப்போச்சுன்னு அர்த்தம். ஒரு சான்றிதழுக்கு இன்னொரு சான்றிதழ் சாட்சி சொல்லும். கடைசியில மூலச் சான்றிதழ்னு ஒண்ணு நிக்கும். அப்படி நின்ன டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3ங்கது 2021 செப்டம்பர் 30 அன்னைக்குக் காலாவதி ஆச்சு. இலவசமாச் சான்றிதழ் குடுக்குற லெட்ஸ் என்கிரிப்ட்டுக்கு ரொம்ப நாளாச் சாட்சி நின்னது அதுதான். அப்டேட் காணாத பழைய மெசினெல்லாம் அதுலேருந்து நல்ல தளத்தையும் சந்தேகமாப் பாக்க ஆரம்பிச்சுது.

பேசுற முறையும் மாறிப்போச்சு. அந்த முறைக்குப் பேரு டிஎல்எஸ். அதுல 1.0 வந்தது 1999ல, 1.1 வந்தது 2006ல. 2020 வாக்குல பெரிய பிரௌசரெல்லாம் அது ரெண்டையும் கைகழுவ ஆரம்பிச்சுது. இப்பக் கேக்கது 2008ல வந்த 1.2, இல்லன்னா 2018ல வந்த 1.3. விண்டோஸ் எக்ஸ்பியோட வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 1.0க்கு மேல வாய் தொறக்கத் தெரியாது. நீ அத வச்சுக்கிட்டுப் புதுத் தளத்துல போயி நின்னா ஆரு பதில் சொல்லுவா? விண்டோஸ் 7 இருந்தா, அதுக்குக் கடைசியா வந்த குரோம் 109. 2023 சனவரியில வந்தது. அத விட, அதே வருசம் சூலையில வந்த ஃபயர்ஃபாக்ஸ் 115ஓட நீண்டகாலப் பதிப்பப் போட்டுப் பாரு. ஃபயர்ஃபாக்ஸ் சாட்சிப் பட்டியலத் தன் மடியிலயே கட்டிக்கிட்டு வரும். விண்டோஸோட பழைய பட்டியல நம்பி நிக்காது.

அடுத்தது, நெனச்ச எடத்துல நிக்கிறது. நேத்து 12 சதவீதம், இன்னைக்கு 80. மொதல்ல ஒன் கணக்கத் திருத்துவோம். 4 எம்பிபிஎஸ்னா வினாடிக்கு 4 மெகாபைட்டுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதே. அது மெகாபிட்டு. எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு. ஆக வினாடிக்கு அரை மெகாபைட்டு. 4 ஜிபி எறங்க ரெண்டேகால் மணி நேரம் ஆகும், அதுவும் வீட்டுல வேற ஆரும் வீடியோ பாக்கலன்னா. நீ அமுக்கிட்டு டீக்கடைக்குப் போயிருதே. கொஞ்ச நேரம் ஆரும் தொடலன்னா தூங்கப் போன்னு விண்டோஸ்ல ஒரு ஏற்பாடு உண்டு. வளர்த்தவன் பழக்கம்தான வரும்? பவர் ஆப்ஷன்ஸ்ல போயி, தூக்கத்த 'நெவர்'ல வையி. யூஎஸ்பி வைஃபை குச்சி சொருகியிருந்தா, டிவைஸ் மேனேஜர்ல அதோட பவர் மேனேஜ்மென்டுல, மின்சாரம் மிச்சம் பிடிக்க இத அணைக்கலாம்னு ஒரு டிக்கு இருக்கும். அதையும் எடுத்துரு.

பொறவு நம்ம டிபி பெட்டி வேல. கமாண்ட் பிராம்ப்ட்டுன்னு கறுப்பா ஒரு சன்னல் தொறக்கும்லா, அதுல பிங்னு அடிச்சு, எடம் விட்டு, ரவுட்டர் முகவரியப் போடு. பெரும்பாலும் 192.168.1.1. ரவுட்டர்கிட்டேருந்தே பதில் விட்டு விட்டு வந்தா, பழுது ஒன் வீட்டுக்குள்ள. ரவுட்டர் ஒழுங்காப் பதில் சொல்லி, வெளிய இருக்க 8.8.8.8ங்கற முகவரியக் கேட்டா மட்டும் விட்டு விட்டு வருதுன்னா, அப்ப நெட்டுக்காரன வையி. நானும் கூட வந்து வையுதேன். வீட்டுக்குள்ளன்னா, ரவுட்டர பீரோவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சது ஆரு? ஒரு லேன் கேபிள் வாங்கி நேராச் சொருகிப் பாரு. இன்னும் செம்புக் கம்பியில நெட்டு வச்சிருக்க வீடா இருந்தா, போன் மணி அடிக்கும்போதெல்லாம் லைன் போகுதான்னு கவனி. போச்சுன்னா ஸ்பிளிட்டர் இல்ல, இல்லன்னா கெட்டுப்போச்சு.

நெட்டு நிக்கல, கம்ப்யூட்டரே அணைஞ்சு போகுதுங்கியா? ஆயுத பூசைக்கு மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டே. சிபியு மூடியக் கழத்தி என்னைக்காவது தூசு தட்டுனியா? விசிறி சுத்தலன்னா பிராசசர் சூடாகி, தன்னக் காப்பாத்திக்கிட அதுவே அணைஞ்சிரும். சரசுவதிக்குச் சுண்டல் போதும், சிபியுவுக்குக் காத்து வேணும்.

நின்னா மொதல்லேருந்து அமுக்குற புத்தியையும் விடு. பாதியில நின்ன கோப்பு அங்கனதான் கெடக்கும். குரோம்ல சிஆர்டவுன்லோடுன்னு முடியும், ஃபயர்ஃபாக்ஸ்ல பார்ட்டுன்னு முடியும். ரெஸ்யூம் அமுக்குனா, 'இத்தனாவது பைட்டுலேருந்து குடு'ன்னு பிரௌசர் சர்வரக் கேக்கும். சர்வர் ஒத்துக்கிட்டா 206ன்னு பதில் சொல்லி, மிச்சத்த மட்டும் அனுப்பும். சில சர்வர் ஒத்துக்கிடாது; லாகின் பண்ணி எடுத்த லிங்க்குன்னா கொஞ்ச நேரத்துல அதுவே செத்துப்போகும். பெரிய கோப்புக்கு டபிள்யூகெட்டுன்னு ஒரு சின்ன புரோகிராம், 1996லேருந்து இருக்கு. சின்ன கோடு போட்டு சி எழுத்தச் சேத்துட்டா, விட்ட எடத்துலேருந்து தொடரும். அறுந்தாலும் தானாத் திரும்ப முயற்சி பண்ணும், ஆரையும் வையாது.

மூணாவது, எப்பவும் ஒரே எடத்துல நிக்கிறது. இது எனக்குப் பிடிச்ச நோவு. மருந்து உடனே கேக்கும். சரியா 4 ஜிபி கிட்ட நிக்குதா? ஒன் டி டிரைவ்ல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் பாரு. எஃப்ஏடி32ன்னு இருக்கும். அதுல ஒரு கோப்பு 4,29,49,67,295 பைட்டுக்கு மேல ஒரு பைட்டு கூட வளராது. நீ லைன மாத்துனாலும் சரி, ரவுட்டர மாத்துனாலும் சரி, சாமி கும்புட்டாலும் சரி. விண்டோஸ்ல கன்வெர்ட்டுன்னு ஒரு கட்டளை உண்டு. உள்ள இருக்கதுக்குச் சேதமில்லாம என்டிஎஃப்எஸ்ஸா மாத்தும். ஆனாலும் முக்கியமானத வேற எடத்துல நகல் எடுத்துட்டுச் செய்யி. பென்டிரைவுலயும் இதே கதைதான், அதுலயும் பலது எஃப்ஏடி32ஆத்தான் வரும்.

4 ஜிபி இல்ல, வேற எங்கயோ நிக்குதுன்னா சி டிரைவ்ல எடம் இருக்கான்னு பாரு. கோப்ப டி டிரைவ்ல வைக்கச் சொன்னாலும், சில பிரௌசரு மொதல்ல சி டிரைவ்ல தற்காலிகமா எறக்கிட்டுப் பொறவுதான் நகத்தும். 2 ஜிபி ஜிப்ப எறக்கி விரிச்சா இன்னொரு 2 ஜிபிக்கு மேல கேக்கும். ரீசைக்கிள் பின்ல போட்டா எடம் காலியாகாது மருமவனே. காலி பண்ணுன்னு தனியாச் சொல்லணும்.

நாலாவது, எறங்கிட்டுத் தொறக்காதது. 'இது சரியான வின்32 அப்ளிகேசன் இல்ல'ன்னு வருதா? ஒண்ணு, பாதிதான் எறங்கியிருக்கு. இல்ல, 32 பிட் மெசினுக்கு 64 பிட் கோப்ப எறக்கியிருக்கே. மை கம்ப்யூட்டர்ல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், சிஸ்டம் டைப். அவ்வளவுதான்.

அதும் சரின்னா, நல்ல தளங்கள்ல கோப்புக்குப் பக்கத்துலயே ஷா256ன்னு 64 எழுத்துல ஒரு சரம் குடுத்திருப்பாவ. விண்டோஸ்ல செர்ட்யூடில்னு ஒரு கருவி இருக்கு. கோப்பு பேரோட ஷா256ன்னும் சேத்துக் குடுத்தா அந்தச் சரத்தக் கணக்குப் போட்டுக் காட்டும். ரெண்டும் ஒத்துப்போகலன்னா கோப்பத் திரும்ப எறக்கி, மறுபடி கணக்குப் போடு. ரெண்டு தடவயும் ஒரே தப்பு வந்தா, நீ எடுத்தது வேற பதிப்பு, இல்லன்னா அங்க இருக்கதே கோளாறு. ஒவ்வொரு தடவயும் வேற வேற தப்பு வந்தா, ஒன் ரேமோ ஹார்டு டிஸ்கோ கெட்டிருக்குன்னு சந்தேகப்படு. ஹெச்டிடிபிஎஸ் வழியா வந்தா, கம்பியில கெட்ட துண்டு சோதனையில மாட்டி இணைப்பு அறுந்துபோகுமே தவிர, கெட்டது உள்ள நுழையாது. ஆக இங்கயும் லைன்மேன் மேல பழி இல்ல. ரேமுக்கு மெம்டெஸ்ட், டிஸ்குக்கு செக்டிஸ்க். ராத்திரி ஓட விட்டுட்டுப் படு.

இப்ப எனக்கு வயித்தெரிச்சலா இருக்கதச் சொல்லுதேன். ஒன் கம்ப்யூட்டர்ல நெட் ஸ்பீடு பூஸ்டர்னு மூணு, ரெஜிஸ்ட்ரி கிளீனர்னு ரெண்டு, ஆன்டிவைரஸ் ரெண்டு கெடக்கு. ரெண்டு ஆன்டிவைரஸ் ஒரு கோப்புக்கு மல்லுக்கட்டுனா கோப்பு எப்படிச் சேரும்? ஒண்ண வச்சுக்கிட்டு மிச்சத்த அனுப்பு. அந்த பூஸ்டரெல்லாம் வேகத்த ஏத்தாது, விளம்பரத்தத்தான் ஏத்தும். இதெல்லாம் எப்படி வந்துச்சு? பக்கத்துல மூணு டவுன்லோடு பட்டன் இருந்தா, பெருசா, பச்சையா, மினுக்குறதுதான் ஒன் கண்ணுல படும். அது விளம்பரம்லே. அசல் பட்டன் ஓரத்துல அடக்கமா இருக்கும். செஞ்சவங்களோட சொந்தத் தளத்துக்கே போயி எடு.

சர்வீஸ் கடைப் பையன் ஒருத்தன் வருவான். வந்ததும் சேர்ல சாஞ்சு, 'ஃபார்மேட் பண்ணணும் சார்'ம்பான். பேட்டரி செத்தாலும் ஃபார்மேட், கேபிள் கழண்டாலும் ஃபார்மேட். செத்த பேட்டரி ஃபார்மேட்டுக்கப்புறமும் செத்த பேட்டரிதான். போறது ஒன் பிள்ளையோட காதுகுத்துப் போட்டோ. எங்க நிக்குதுன்னு கேக்காமலே மருந்து சொல்லுறவனுக்குக் காசு குடுக்காதே.

முடிவாச் சொல்லுதேன். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஓட ஆதரவு முடிஞ்சுது, விண்டோஸ் 7க்கு 2020 சனவரி 14ஓட. அந்த மெசின்ல பேங்கு வேல பாக்காதே. மொதல்ல போட்டோவெல்லாம் வெளி டிஸ்க்ல எடுத்து வையி. பிராசசர் 64 பிட்டா இருந்து, 2 ஜிபி ரேமாவது இருந்தா லினக்ஸ் மின்ட் போட்டுப் பாரு. 32 பிட்டுதான்னா டெபியன் 12 அதுலயும் ஏறும். மெசின் பழசானதுல குத்தமில்ல. கேக்காமலே தட்டுறதுதான் குத்தம். அடுத்த தடவ 'டவுன்லோடு ஆகல மாமா'ன்னு மொட்டையா வந்து நிக்காதே. எத்தன சதவீதத்துல நின்னுச்சு, திரையில என்ன எழுதிக் காட்டுச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொண்டா. எழுதாம வந்தா மோரு கெடையாது.