தீவு கட்டிய ஊரில் ஒரு பாத்தி

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் வரும். இன்னும் கொஞ்சம் தோண்டினால் உப்புத் தண்ணீர் வரும். அதற்கும் கீழே போனால் அக்கம்பக்கத்தார் வந்துவிடுவார்கள், புதையலில் பங்கு கேட்டு. ஆகவே இங்கே தோட்டம் போட நினைப்பவன் கீழே இறங்கக் கூடாது. மேலே ஏற வேண்டும்.

ஊரே அப்படித்தான் ஏறியது. 1920இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் துறைமுகத்துக்காகக் காயலைத் தூர்வாரி, அள்ளிய சேற்றை அங்கேயே கொட்டி வில்லிங்டன் தீவை எழுப்பினார். அவருக்கும் முன்பே பொக்காளி நெல் விவசாயிகள் இந்த வித்தையை வைத்திருந்தார்கள். உப்பு ஏறிய வயலில் கோடையில் மண்ணைக் கூம்பு கூம்பாகக் குவித்துவிடுவார்கள். ஜூன் மழை உப்பைக் கழுவி இறக்கியதும் கூம்பின் தலையில் முளைவிட்ட நெல்லை விதைப்பார்கள். நாற்று நிமிர்ந்ததும் கூம்பை வெட்டி வயலெங்கும் பரப்புவார்கள். மழையைக் கூலியில்லாத வேலைக்காரனாக வைத்துக்கொண்ட அந்த மூளைக்கு முன்னால் நம்முடைய மேட்டுப்பாத்தி எம்மாத்திரம்?

எனக்குப் பாத்தி ஆசை வந்ததற்குக் காரணம் ரோஷம். 'ஓணத்துக்கு ஒரு முறம் பச்சக்கறி' என்று கேரள அரசு வீடு வீடாக விதை கொடுத்துக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுச் சேச்சி தமிழ்நாட்டு ஒட்டன்சத்திரத்துக் கத்தரிக்காயைப் புளித்தண்ணீரில் ஊறப் போட்டுக்கொண்டே, "உங்க நாட்டுக்காரங்க எல்லாம் மருந்தடிச்சல்லே அனுப்புறாங்க" என்பார், நேற்றிரவு நானே தெளிப்பானோடு போய் வந்ததுபோல.

எட்டடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரம். அகலத்தை மூன்றடிக்கு மேல் விடக் கூடாது. நடுவில் முளைக்கும் களையை எட்டிப் பிடுங்கப் போய் நாமே பாத்தியில் விழுவோம். சுவருக்கு வெட்டுக்கல். அடியில் தேங்காய்த் தொண்டு அடுக்கலாம் என்றதும் சண்டை மூண்டது. குழி மேலே பார்க்க மல்லாத்த வேண்டும், ஈரம் நிற்கும் என்றார் நெல்லையிலிருந்து வந்திருந்த என் மாமனார். கவிழ்க்க வேண்டும், தண்ணீர் வடியும் என்றார் எதிர்வீட்டுக் கொங்கணி மாமா. திருநெல்வேலி வெயிலுக்கு அவர் சொன்னது சரி, கொச்சி மழைக்கு இவர் சொன்னது சரி. குடும்ப அமைதியை முன்னிட்டு ஒரு வரிசை மல்லாத்தி, மேல் வரிசையைக் கவிழ்த்தேன். இருவரும் தாங்கள் ஜெயித்ததாக இன்றுவரை நினைக்கிறார்கள்.

மேலே செம்மண், சாணி, தென்னைநார்க் கழிவு. காயலில் ஊறிய தொண்டு என்றால் அந்தக் கழிவிலும் உப்பு இருக்கும். நன்றாக அலசித்தான் போட வேண்டும். மண் புளிப்பேறியது என்பதால் கக்காச் சிப்பிச் சுண்ணாம்பு தூவி, சில நாள் ஆறப்போட்டு, வெண்டை ஊன்றினோம்.

மழை வந்தது, கூடவே ஆப்பிரிக்க ராட்சத நத்தையும் வந்தது. கை நிறைய ஒன்று இருக்கும். பகலில் மதில் இடுக்கில் உறங்கி, இரவானால் பந்திக்கு வரும். உப்புப் போட்டால் நத்தை சாகும், உடன்கட்டை ஏறுவதுபோல வெண்டையும் சாகும். புகையிலைக் கஷாயமும் மயில்துத்தமும் கலந்து தெளிக்கலாம்தான்; ஆனால் தெளிப்பானோடு நான் நிற்பதைச் சேச்சி பார்த்தால்?

ஆகவே மிச்சமிருந்தது சாக்குப் பொறி. ஈரச் சாக்கில் முட்டைக்கோஸ் இலையைப் போட்டு வைத்தால் நத்தைகள் அதற்குள் கூடும், காலையில் அள்ளிவிடலாம். சந்தைக்குப் போய் முட்டைக்கோஸ் வாங்கினேன், எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஒட்டன்சத்திரம் என்றார் கடைக்காரர். விடிந்து பார்த்தால் நான் வளர்த்த சுத்தமான வெண்டையை விட்டுவிட்டு அத்தனை நத்தையும் அந்தச் சாக்கில் மொய்த்துக் கிடந்தது. மதில் வழியே சேச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுக்குப் புளித்தண்ணியில ஊற வைக்கத் தெரியாதல்லோ, பாவம்."