ரூம் போட்ட டைரக்டர் சார்

போளூர் பஸ் ஜமுனாமரத்தூரில் வந்து நிற்கிறது. இறங்குகிற கூட்டத்தில் செல்போனை எடுத்துப் பார்த்து, டவர் இல்லை என்று தெரிந்ததும் யார் முகம் மலர்கிறதோ அவர்தான் டைரக்டர் சார். மற்ற எல்லோரும் அதே விஷயத்துக்குத் திட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

டைரக்டர் சார் இன்னும் படம் எடுத்ததில்லை. உதவி இயக்குநராக இருந்தவர், அல்லது இருக்கப்போகிறவர். தாடி, லேப்டாப் பை, ஏப்ரல் மாதத்திலும் கழுத்தில் மப்ளர் என்று இருந்தால் எங்கள் ஊரில் டைரக்டர் சார் என்றுதான் கூப்பிடுவோம். இதுவரை யாரும் மறுத்ததில்லை. வருஷத்துக்கு நாலைந்து பேர் வருகிறார்கள். ஒருவரைச் சொன்னால் மற்றவர்களையும் சொன்ன மாதிரிதான் என்பதால் ஒருமையிலேயே சொல்லிவிடுகிறேன்.

முன்பெல்லாம் கதை விவாதம் என்றால் தயாரிப்பாளர் செலவு. வடபழனிப் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் போட்டு, ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, பிரியாணி முடிந்த பிறகு இன்டர்வெல் பிளாக்கைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பார்கள். இப்போது தயாரிப்பாளர் இருந்த இடத்துக்குத் திரைக்கதைப் போட்டி வந்திருக்கிறது. போட்டி ரூம் போட்டுத் தராது. பல போட்டிகள் நுழைவுக் கட்டணம் வேறு கேட்கும். ஆகவே டைரக்டர் சார் தன் காசில், அதுவும் இல்லாவிட்டால் அக்கா வீட்டுக்காரர் காசில், ஜவ்வாது மலைக்கு வந்து ரூம் போடுகிறார். பக்கத்தில் ஏலகிரி இருக்கிறதே என்று கேட்டால், “ஏலகிரி ரொம்பக் கமர்ஷியல் ஆயிடுச்சுண்ணா” என்பார். வாடகையைத்தான் சொல்கிறார்.

எனக்கு இவரைப் பழக்கம் ஜெராக்ஸ் கடை மூலமாக. பிரின்ட் எடுக்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வரவேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரன் படிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் டைரக்டர் சார் மிஷின் பக்கத்திலேயே நிற்பார். மை பரவி வீணான தாளைக்கூட நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொள்வார். காரணம் 2018. ‘சர்கார்’ படத்துக்கும் வருண் ராஜேந்திரன் பதிவுசெய்திருந்த ‘செங்கோல்’ கதைக்கும் ஒற்றுமை இருப்பதாகத் திரைப்பட எழுத்தாளர் சங்கத் தலைவராயிருந்த பாக்யராஜே சொல்லி, விவகாரம் நீதிமன்றம் வரை போய் சமரசமாக முடிந்தது. பதிவுசெய்து வைப்பது நல்லது என்பது அதில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். டைரக்டர் சார் இன்னும் ஒரு படி மேலே போனார்: கதையை யாரிடமும் சொல்வதில்லை. டீக்கடை அக்காவிடம் ஒருமுறை வாய் தவறி, “ஒரு ஊர்ல ஒருத்தன்…” என்று ஆரம்பித்தவர், சுற்றும்முற்றும் பார்த்து நிறுத்திக்கொண்டு, “வெளிய சொல்லிடாதீங்கக்கா” என்றார். அக்கா இன்றுவரை காப்பாற்றி வருகிறார்.

அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. அட்டையில் ‘விருதுப் பாடங்கள்’ என்று எழுதியிருக்கும். ஸ்கேன் செய்யக் கொடுத்தபோது நிதானமாகவே படித்தேன். முதல் பக்கம்: “ஆடுகளம், 58-ஆவது தேசிய விருது, வெற்றிமாறன், சிறந்த திரைக்கதை. சேவல். காக்கா முட்டை, சிறந்த குழந்தைகள் படம். காக்கா. ஆகவே பறவை அவசியம்.” அடுத்த பக்கம்: “மண்டேலா, 68-ஆவது தேசிய விருது, மடோன் அஸ்வின், வசனத்துக்காக. சலூன் வேண்டும்.” அதே வருஷம் திரைக்கதை விருதை சுதா கொங்கராவும் ஷாலினி உஷா நாயரும் வாங்கிய ‘சூரரைப் போற்று’ பற்றி, “விமானம். பட்ஜெட் இடிக்கும்” என்று எழுதி, பெருக்கல் குறி போட்டிருந்தார். 1981-ஆம் ஆண்டுக்கான திரைக்கதை விருதைப் பாலசந்தருக்கு வாங்கித் தந்த ‘தண்ணீர் தண்ணீர்’, 2021-இல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய ‘கூழாங்கல்’ இரண்டுக்கும் ஒரே வரி. “தண்ணி இருக்கக் கூடாது.”

அவர் எழுத உட்கார்ந்த வாரம் மலையில் விடாத மழை. பீமன் அருவி ரோட்டுக்குக் கேட்கும்படி விழுந்துகொண்டிருந்தது. டைரக்டர் சார் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ‘காட்சி 1. வறண்ட பூமி’ என்று டைப் அடித்தார்.

‘கூழாங்கல்’ எடுத்த வினோத்ராஜ் அந்தக் கதையை எந்த நோட்டிலிருந்தும் எடுக்கவில்லை. அவருடைய சகோதரியைக் கணவர் வீட்டிலிருந்து துரத்த, அவர் கைக்குழந்தையோடு நடந்தே தாய்வீடு வந்து சேர்ந்தார். அந்த நடையில் பிறந்த படம் அது. ‘தண்ணீர் தண்ணீர்’ முதலில் கோமல் சுவாமிநாதன் மேடையேற்றிய நாடகம். ஜனங்கள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அது சினிமாவானது. நோட்டில் வெயில் இருந்தது, வறட்சி இருந்தது, நடந்து வந்த பெண் மட்டும் இல்லை. நான் இதைச் சொல்லியிருக்கலாம்தான். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்குகிறவன் சொன்னால் எடுபடாது.

வெளிநாட்டுப் பாடங்களும் உண்டு. ‘ராக்கி’ படத்தின் முதல் பிரதியை ஸ்டாலோன் மூன்றரை நாளில் எழுதினார் என்பது டைரக்டர் சார் வாயில் நாளொன்றுக்கு ஒருமுறையாவது வரும். இவர் மூன்றரை நாளில் முடித்தது தலைப்பு. ‘ராக்கி’ சிறந்த படமாக ஆஸ்கர் வாங்கினாலும் திரைக்கதை விருது ‘நெட்வொர்க்’ எழுதிய பேடி சேயெவ்ஸ்கிக்குப் போனதே என்று கேட்டால், “அரசியல்ணா” என்பார். இன்னொன்று ‘லாபதா லேடீஸ்’. பிப்லப் கோஸ்வாமி எழுதிய ‘டூ பிரைட்ஸ்’ சினிஸ்தான் திரைக்கதைப் போட்டியில் முதல் பரிசு வாங்கவில்லை. நடுவர்களில் ஒருவராயிருந்த ஆமிர் கானுக்குக் கதை பிடித்துப்போனது. சினேகா தேசாய் திரைக்கதை எழுத, கிரண் ராவ் இயக்க, 2024-இல் படம் வந்து இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பப்பட்டது. பரிசைவிட வாசிக்கிறவர் முக்கியம் என்று நான் நினைத்தேன். டைரக்டர் சார் நோட்டில் எழுதியது: “ரெண்டாவது பரிசுதான் ராசி.”

களஆய்வு செய்யாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. இங்குள்ள பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர் எனக் கேள்விப்பட்டதும், சாமை மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற பெரியவரிடம் போய், “சுகமாணோ சேட்டா?” என்று விசாரித்தவர் அவர். காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் முன்னோர் வந்தார்கள் என்று சொல்லிக்கொள்கிற அந்தப் பெரியவர், பாவம் வெளியூர் ஆள் என்று மரியாதைக்குத் தலையாட்டினார்.

இன்னொரு நாள் காவலூருக்குப் போனார். அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. ராமானுஜன் பெயர் சூட்டப்பட்ட சிறுகோளைக் கண்டுபிடித்ததும் காவலூரில்தான். கிளைமாக்ஸில் விஞ்ஞானி தொலைநோக்கியில் கண்ணை வைத்து, வானத்தில் எதையோ பார்த்து அலற வேண்டும் என்பது இவர் திட்டம். இப்போதெல்லாம் யாரும் கண்ணை வைப்பதில்லை, கருவி பதிவு செய்வதைக் கம்ப்யூட்டர் திரையில்தான் பார்ப்பார்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். “ஆடியன்ஸ் ஒத்துக்கமாட்டான்” என்று திரும்பி வந்துவிட்டார்.

டீக்கடையில் நடந்ததைத்தான் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தோம். “இந்த மலையில ஏதாச்சும் கதை இருக்காக்கா?” என்று டைரக்டர் சார் கேட்டார்.

“இங்க இன்னா சார் கதை கீது? சாமை அறுத்துட்டா வேலை இல்ல. எஸ்டேட்டுக்குப் போறவங்க போவாங்க. முன்ன செம்மரம் வெட்டக் கூட்டிட்டுப் போவாங்க.”

பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தவர் தானாகப் பேச ஆரம்பித்தார். அரிசியும் புளியும் மூட்டை கட்டிக்கொண்டு ராத்திரியில் ஏறுவது, பீடி பற்றவைக்கக் கூடாது என்பது, எந்தக் காடு என்று கடைசிவரை சொல்லாமலே நடத்திக் கூட்டிப்போவது, மரத்தைத் தோளில் தூக்கியவனுக்கு ஓடத் தோதுப்படாது என்பது. குரலை ஏற்றாமல், இறக்காமல் சொன்னார். அக்கா பாலைக் கிளறுவதை நிறுத்திவிட்டார்.

டைரக்டர் சார் பொறுமையாகக் கேட்டார் என்றே சொல்லவேண்டும். கேட்டுவிட்டு, “செம்மரம் புஷ்பாவுல பண்ணிட்டாங்கண்ணே” என்றார்.

உண்மைதான். ‘புஷ்பா’ 2021-இல் வந்தது, நாயகனுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. கூலியாகத் தொடங்கிக் கடத்தல் தலைவனாகிறவன் கதை. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரக் காவல்துறை சுட்டு இறந்த 20 பேரில் எங்கள் மலையாட்களும் உண்டு. அவர்கள் கூலியாகவே முடிந்தவர்கள். கூலியாகவே திரும்பி வந்தவர் ஒருத்தர் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டைரக்டர் சார் அவரிடம், கரடியை நேரில் பார்த்ததுண்டா என்று கேட்டார். நோட்டில் பறவைக்குப் பதில் கரடி என்று முந்தின நாள்தான் திருத்தியிருந்தார்.

ஏற்புரை ஒத்திகை பீமன் அருவியில். ஆஸ்கர் மேடையில் 45 விநாடிதான், அதற்குமேல் பேசினால் வாத்தியம் வாசித்து இறக்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். செல்போனில் நேரம் வைத்துப் பேசிப் பார்த்தார். குலதெய்வத்துக்கும் அக்கா வீட்டுக்காரருக்கும் நன்றி சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அருவிச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் கும்பிடு போட்டதும் குளித்துக்கொண்டிருந்த பையன்கள் கைதட்டினார்கள்.

கடைசித் தேதி வந்தது. நூற்றெண்பது பக்கம். பக்கத்துக்கு ஒரு நிமிஷம் என்பது திரைக்கதைக் கணக்கு. மூன்று மணி நேரம் ஆகுமே என்றேன். “பாட்டு சேர்த்துண்ணா” என்றார். பாமினியில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றியதில் நாயகி அழும் காட்சி முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதுவும் ஒரு மாதிரி எக்ஸ்பெரிமென்டலா இருக்கு” என்று விட்டுவிட்டார். ஆங்கிலப் பிரதியில் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும் காட்சி எப்படியோ பார்பிக்யூ விருந்தாகியிருந்தது. நடுவர் பாரபட்சம் பார்க்கக் கூடாதென்று, எழுதியவர் பெயர் எங்கும் இருக்கக் கூடாது என்பது போட்டி விதி. முகப்புத் தாளில் பெயரை ஒழுங்காக நீக்கியிருந்தார். நாயகனுக்கு அவர் பெயர்தான்.

ராத்திரி பதினொன்றரைக்கு அனுப்ப உட்கார்ந்தபோது டவர் இல்லை. இறங்கிய அன்று அவரை அவ்வளவு சந்தோஷப்படுத்திய விஷயம். ஆலங்காயம் ரோட்டில் ஒரு வளைவில், பாறை மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு கிடைக்கும். என் டி.வி.எஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். மழையில், லேப்டாப்பை மப்ளருக்குள் பொத்தி, செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறை மேல் நின்றார். தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் போய் நின்றது. “அண்ணா, அசையாதீங்க” என்றார். நான் எதற்கு அசையக் கூடாது என்று தெரியவில்லை. ஆனாலும் அசையாமல் நின்றேன். பன்னிரண்டு அடிக்க நாலு நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. பாறையிலிருந்து குதித்து என்னைக் கட்டிக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவரை நிஜமாகவே பிடித்தது.

முடிவு வந்தது. இரண்டாவது சுற்றோடு சரி. யாராயிருந்தாலும் சோர்ந்து போவார்கள். டைரக்டர் சார் இரண்டு பக்கமும் வளைந்த இலைக்கொத்து, நடுவே ‘கால் இறுதித் தேர்வு’ என்று விசிட்டிங் கார்டு அடித்தார். கார்டு பழசாவதற்குள் பயிற்சியாளராகிவிட்டார். ‘விருது வாங்கும் திரைக்கதை: மூன்று நாள் பயிலரங்கம். ஜவ்வாது மலை. உணவு, தங்குமிடம் உட்பட.’ நோட்டீஸ் என் கடையில்தான் அடித்தது. கடன்.

போன மாசம் பத்துப் பேரோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். பத்துப் பேரும் செல்போனை எடுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். நேரே டீக்கடைக்குக் கூட்டிவந்து, மக்களிடமிருந்து கதை எடுப்பது எப்படி என்று செய்முறை காட்ட, “அக்கா, ஒரு கதை சொல்லுங்களேன்” என்றார். அக்கா முன்பு மாதிரி இங்கே இன்னா கதை கீது என்று சொல்லவில்லை. மாமியார் வீட்டுப் பலாமரத்தில் ராத்திரி கரடி ஏறிய கதையை எடுத்தார். மாமனார் மரத்துக்குக் கீழே கட்டிலில் தூங்குகிறார். கரடி பழத்தைப் பிய்க்கிறது. பழம் கட்டிலுக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுகிறது. மாமனார் பாதித் தூக்கத்தில், பெண்டாட்டி என்று நினைத்து, “இன்னாத்த போட்டு உடைச்ச?” என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டுகிறார். கையில் மயிர் மயிராக ஏதோ தட்டுப்படுகிறது…

அக்கா எழுந்துபோய்க் கிளாஸ் கழுவ ஆரம்பித்தார்.

“அப்புறம்?” என்றார்கள் பத்துப் பேரும்.

“இருங்க, எண்ணெய் காயுது. வடை வேணுமா யாருக்காச்சும்?”

டைரக்டர் சார் உட்பட எல்லோரும் ஆளுக்கு இரண்டு வாங்கினார்கள். இரண்டாவது ஈடு எடுத்த பிறகுதான் கரடி மரத்திலிருந்து இறங்கியது.