பாலு தம்பியும் செயலாளர் சாரும்

லிஃப்ட் கதவில் நோட்டீஸ் தொங்கினால் போதும், படிக்க வேண்டாம். எங்கள் குடியிருப்புச் செயலாளர் சாருடையது என்று கீழ்ப்படியிலிருந்தே தெரிந்துவிடும். ஒவ்வொரு எழுத்தும் எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த போண்டா மாதிரி உப்பி, முனை மழுங்கி, பக்கத்து எழுத்தை இடித்துக்கொண்டு நிற்கும்.

அந்த ஃபான்ட்டின் பெயர் 'பாலு தம்பி'. சத்தியமாக நான் வைத்த பெயரில்லை. மும்பை 'ஏக் டைப்' குழுவினர் உருவாக்கிய பாலு குடும்பத்தில் தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி. இணையத்தில் இலவசம். சாரின் மனத்தில் தைத்தது அந்தக் கடைசிச் சொல்தான்.

தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. ஐஸ்கிரீம் கடைப் பலகையிலோ குழந்தைப் புத்தக அட்டையிலோ நாலு சொல்லாக நின்றால் கொழுகொழுவென்று அழகாகத்தான் இருப்பார். சாரிடம் மாட்டியது அவர் தலையெழுத்து. கோலப் போட்டிக்கும் அவர்தான், குப்பையைப் பிரித்துப் போடுவதற்கும் அவர்தான். பராமரிப்புக் கட்டண பாக்கிப் பட்டியலில் என் பெயரைப் பார்த்த மகள், ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்று கைதட்டினாள். போன மாதம் முதல் மாடித் தாத்தா தவறிப்போனார். கண்ணீர் அஞ்சலிக்கும் தம்பியே வந்தார். 'ஆழ்ந்த இரங்கல்' பலூன் பலூனாக மிதந்தது. தாத்தா படத்துக்கு மாலை மட்டும் இல்லாவிட்டால், கேக் எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

"கொஞ்சம் மெலிசாப் போடலாமே சார்?"

"மெலிசாப் போட்டா எவன் சார் மதிப்பான்?"

தம்பியின் புதிய பதிப்பில் 5 தடிமன்கள் உண்டு, மெலிந்தவரும் இருக்கிறார் என்று கணினியில் திறந்தே காட்டினேன். உற்றுப் பார்த்தார். இருப்பதில் குண்டானவரைத் தேர்ந்தெடுத்தார்.

சிரிப்பு இதோடு போதும். முந்தாநாள் தண்ணீர் நோட்டீஸ் 12 வரி. காகிதம் மிச்சம் பிடிக்க, பாதித் தாளில் ஜெராக்ஸ். தடித்த எழுத்தைச் சிறிதாக்கினால் முதலில் சாவது சுழிக்குள் இருக்கும் வெள்ளைதான். ண, ன இரண்டும் ஒரே மிளகு. 6, 8 இரண்டும் ஒரே உளுந்து. தண்ணீர் 8 மணி வரை என்று நம்பி 7 மணிக்குச் சோப்புப் போட்டேன். குழாய் இருமியது, அதோடு சரி. நோட்டீஸ் என்பது படிக்கத்தானே ஐயா? நேரத்தையே சொல்லாத எழுத்து எவ்வளவு சிரித்த முகமாக இருந்து என்ன?

துண்டோடு மாடிப்படியில் நின்று கத்தினேன். சார் பதில் பேசவில்லை. உள்ளே போனார், தன் வீட்டுத் தண்ணீரை ஒரு வாளி நிறைய எடுத்துக்கொண்டு, இந்த வயதில், மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தார்.

வாளியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'திருப்பித் தரவும்'. தம்பிதான். இரண்டே சொல், பெரிய அளவு. கண்ணில் சோப்பு நுரையோடுகூடப் படிக்க முடிந்தது.