கிலோ என்ன விலை, அண்ணாச்சி?

நடிகர் டாம் ஹாங்க்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய டைப்ரைட்டர்களைச் சேர்த்தார். கதைக்கொரு டைப்ரைட்டர் வருகிற மாதிரி சிறுகதைகள் எழுதி 2017-ல் புத்தகமும் போட்டார். நாவலாசிரியர் கார்மக் மெக்கார்த்தி 50 டாலருக்கு வாங்கித் தேய்த்த ஆலிவெட்டி, 2009-ல் 2,54,500 டாலருக்கு ஏலம் போனது. இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு ஒருவன் விருதுநகரில் குடியிருக்கக் கூடாது. நான் குடியிருக்கிறேன்.

உளுந்துக்கும் மல்லிக்கும் வத்தலுக்கும் தினம் விலை சொல்லியே பழகிய ஊர் இது. முதல் ரெமிங்டனை ஆட்டோவிலிருந்து இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எதிர்வீட்டு அண்ணாச்சி வந்தார்.

"கிலோ என்ன விலைக்கு விழுந்துச்சு?"

"அண்ணாச்சி, இது கலைப்பொருள்."

"இருக்கட்டும்யா. எடை போட்டுத்தான வாங்குனீரு?"

காயலாங்கடைக்காரர் எடை போட்டுத்தான் கொடுத்திருந்தார். நான் பதில் சொல்லவில்லை.

சிவகாசியிலிருந்து வந்த பட்டாசு நண்பரிடமாவது மரியாதை கிடைக்கும் என்று சரித்திரத்தை எடுத்துவிட்டேன். ரெமிங்டன் ஆதியில் துப்பாக்கிக் கம்பெனி, 1874-ல்தான் டைப்ரைட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "குடியிருக்கிற வீட்டுல வச்சிருக்கீங்களே, லைசென்ஸ் இருக்கா?" கூட வந்த அச்சகக்காரர் நாலு கலர் ஆஃப்செட்டில் மணிக்கு ஆயிரக்கணக்கில் காலண்டர் தள்ளுகிறவர். நான் ஒற்றை விரலால் அரைப் பக்கம் அடித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, "பைண்டிங்குக்கு அனுப்பிரலாமா?" என்றார்.

அப்புறம் ஒரு கோத்ரெஜ் வந்தது. 1955-ல் இந்தியாவிலேயே முதல் டைப்ரைட்டர் செய்த கம்பெனி, 2009-ல் நிறுத்திவிட்டார்கள். அதன் பின் ஒரு ஃபேசிட். வாங்குவது சுலபம், துடைப்பதுதான் ஆயுள் தண்டனை. ஆங்கில ஏ, இ, ஓ மூன்றும் மையும் தூசியும் அடைத்துக் கண் மூடிக் கிடக்கும். மண்ணெண்ணெயில் பிரஷ்ஷைத் தோய்த்துத் தேய்த்து, மிச்சத்தை ஊக்கு முனையால் நோண்ட வேண்டும். ரப்பர் ரோலர் கல்லாக இறுகியிருக்கும். காகிதம் அதன் இஷ்டத்துக்கு வழுக்கும். ரிப்பன் மாற்றினால் இரண்டு நாளைக்கு என் கையால் யாரும் காபி வாங்கிக் குடிப்பதில்லை.

தமிழ் மிஷின் வந்ததும்தான் என் படிப்பின் ஆழம் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் போன ஆர். முத்தையா, 247 எழுத்தையும் ஒரு விசைப்பலகைக்குள் அடக்க மூளையைக் கசக்கினார். 1930-களில் அவர் வடிவமைத்த மிஷின் ஜெர்மனியில் தயாரானது. அவர் கண்ட உபாயம் நகராத விசை. புள்ளியை அடித்தால் கேரியேஜ் நகராது. அடுத்து வருகிற எழுத்து அதன் கீழே வந்து உட்காரும். அதாவது புள்ளி முதலில், எழுத்து பிறகு. நான் எழுத்தை அடித்துவிட்டுப் புள்ளி வைத்தேன். மளிகைச் சீட்டில் வதத்ல, வெலல்ம, வெநத்யம என்று இருந்ததைப் பார்த்த கடைக்காரர், "இது எந்த ஊர்ச் சாமான் அண்ணாச்சி?" என்று கேட்டார். என் மனைவி சீட்டைத் திருப்பிப் போட்டுப் பேனாவால் எழுதிக் கொடுத்தாள். "கோலமும் அப்படித்தாங்க. புள்ளிய வச்சுட்டுத்தான் இழுக்கணும்" என்று இலவச போதனை வேறு.

சத்தம் விஷயத்தில் அவள் சட்டமே பேசினாள். தமிழ்நாட்டில் தீபாவளிப் பட்டாசுக்கே 2018-லிருந்து காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றுதான் நேரம். எனக்கும் அதே நேரம் ஒதுக்கப்பட்டது. பட்டாசுக்கு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை அனுமதி உண்டு என்று வாதாடினேன். "நான் ரெண்டு மீட்டர்ல படுத்திருக்கேங்க" என்றாள். தீர்ப்பு முடிந்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். வெளிநாட்டில் டைப்ரைட்டர் பழம்பொருள் ஆகிவிட்டது. சேர்ப்பவனை ரசிகன் என்கிறார்கள். நம் ஊரில் அது சாக மாட்டேன் என்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்கு இந்த மிஷினில்தான் உட்காருகிறார்கள்: லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. குரூப் 4 எழுதுகிற வீட்டில் எல்லாம் இந்தக் கணக்கு தெரியும். அடுத்த வீட்டுப் பெண் ஒருநாள் எட்டிப் பார்த்தாள். "பெரியப்பா, இது ஓடுமா?" நான் மெருகேற்றித் துணி போர்த்தி வைத்திருந்த ஃபேசிட். கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். முதுகு நிமிர்ந்தது, கண் பாடப்புத்தகத்தில், பத்து விரலும் பறக்கிறது. மணி அடித்ததும் லீவரைத் தள்ளுவதற்குக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சுத்தம் செய்து முடித்ததும் ஒரு மிஷினுக்குக் கிடைக்க வேண்டிய மனுஷி அவள்தான் என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றியது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் தோழியைக் கூட்டிவந்தாள். தோழிக்கு ஒரு தங்கை. வாசலில் செருப்பு பெருகியது. டெசிபல் சட்டம் இவர்களுக்குக் கிடையாதாம். "படிக்கிற பிள்ளைங்க" என்கிறாள் மனைவி. ரிப்பன் காசை அவளே வசூலித்து அஞ்சறைப் பெட்டியில் போடுகிறாள்.

போன வாரம் கேட்டுக்கு வெளியே ஒருவர் வண்டியை நிறுத்தி, பையனைச் சேர்க்க வேண்டும், ஃபீஸ் எவ்வளவு, சார் இருக்காரா என்று விசாரித்தார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து குரல் போய்விட்டது:

"காலைல ஒரு பேட்ச், சாயங்காலம் ஒரு பேட்ச். அவர்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. அவரே இன்னும் லோயர் பாஸ் பண்ணல."