அரை மில்லிமீட்டர் அழகு

கேள்வி: கடலே இல்லாத புனேயில் படகுக்கு மருத்துவமா? (ராஸ்தா பேட் வாசகர்)

பதில்: முளா-முட்டா கரையில் ராயல் கனாட் படகுக் கழகம் தொடங்கியது 1868இல். கடக்வாஸ்லா ஏரியில் தேசியப் பாதுகாப்பு அகாடமி மாணவர்கள் பாய்மரப் படகு ஓட்டுகிறார்கள். நோயாளிகள் இருக்கும் ஊர்தான்!

கேள்வி: என் ஃபைபர் படகைத் தொட்டால் கையில் வெள்ளைப் பவுடர் ஒட்டுகிறது. (சிங்ஹகட் சாலை வாசகர்)

பதில்: படகு பவுடர் பூசிக்கொள்ளவில்லை, தோல் உதிர்க்கிறது. மேலே பளபளப்பது ஜெல்கோட் என்ற நிறம் கலந்த பிசின். கனம் சுமார் அரை மில்லிமீட்டர். வெயிலின் புற ஊதாக்கதிர் பிசினைச் சிதைக்க, நிறம் தூளாக மிஞ்சுகிறது. சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்ளங்கை அளவு இடத்தில் ரப்பிங் காம்பவுண்ட் தேய்த்துப் பாருங்கள். பளபளப்பு வந்தால் அதோடு சரி. வராவிட்டால்தான் வாட்டர் பேப்பர்: 800, 1000, 1500 என்று எண் ஏற ஏறத் தேய்த்து, பிறகு காம்பவுண்ட், கடைசியில் மெழுகு.

கேள்வி: வருடா வருடம் பஃபிங் செய்தால் புதுசாகவே இருக்குமா? (கட்கி வாசகர்)

பதில்: பஃபிங்காரர் கூலியோடு படகிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறார். அரை மில்லிமீட்டரில் எத்தனை வருடம் கொடுப்பீர்கள்? வெயிலை மறைக்க ஒரு தார்ப்பாய் வாங்குங்கள்.

கேள்வி: கடல் உப்புதானே கெடுக்கும்? அணைத் தண்ணீரில் கிடக்கும் படகின் அடியில் ஏன் கொப்புளம்? (தேகு ரோடு வாசகர்)

பதில்: நல்ல தண்ணீர்தான் இங்கே வில்லன். ஜெல்கோட் வழியே நீர் மெல்லக் கசிந்து, உள்ளே இறுகாமல் விட்டுப்போன பொருள்களைக் கரைக்கிறது. அந்தக் கரைசல் இன்னும் நீரை இழுக்கிறது. வெளியே உப்பு குறைந்தால் இழுப்பு அதிகம். சென்னை நொச்சிக்குப்பத்தில் கடலுக்குப் போய்வந்த ஃபைபர் படகை மணலில் ஏற்றிவிடுகிறார்கள். அடிப்பாகம் தேய்ந்தாலும் காய்ந்துவிடும். உங்களுடையது மாதக்கணக்கில் ஊறுகிறது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு கொப்புளத்தைத் திறங்கள். உள்ளிருக்கும் நீர் பீய்ச்சும், புளித்த வாடை அடிக்கும். கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டு, எபாக்சியால் நிரப்புங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

கேள்வி: கீறலை எபாக்சி பட்டியால் அடைத்து, மேலே ஜெல்கோட் பூசினேன். உரிந்து வருகிறது. (பிம்ப்ரி வாசகர்)

பதில்: பாலியெஸ்டர் ஜெல்கோட்டுக்கும் எபாக்சிக்கும் ஆகாது. எபாக்சி வைத்த இடத்தில் எபாக்சி பிரைமரும் பெயின்டும்தான். ஜெல்கோட்டே வேண்டுமென்றால் கீறலை 'வி' வடிவில் குடைந்து, அசிட்டோனால் துடைத்து, ஜெல்கோட்டாலேயே நிரப்புங்கள். நூறு கிராம் ஜெல்கோட்டுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் கேட்டலிஸ்ட் (இறுகவைக்கும் திரவம்). அது கண்ணில் பட்டால் பார்வை போகலாம். பூசியதும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். காற்றுப் பட்டால் மேற்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும்.

கேள்வி: எந்த நேரத்தில் பூசலாம்? (அதே பிம்ப்ரி வாசகர்)

பதில்: காலையில். ஏப்ரல் மதியத்தில் கேட்டலிஸ்ட் கலந்த பிசின், பிரஷ்ஷில் ஏறுவதற்குள் டப்பாவிலேயே இறுகிவிடும். மதியம் ஒன்று முதல் நான்கு மணி வரை புனேயில் கடைக்காரரே தூங்குகிறார். நீங்களும் தூங்குங்கள்.