எந்த ஊர் எட்டு மணி?

நாவலூர் டோலில் 2023இல் வசூலை நிறுத்திவிட்டார்கள். வயசுதான் இன்னும் வசூலிக்கிறது. அதற்காக அடுக்குமாடிக்காரர் ஒருவர் 'ஹார்மோன் பேக்கேஜ்' போட்டார். கார்ட்டிசால் பார்க்கக் காலை எட்டு மணி ரத்தம்தான் சரி என்று சிரிஞ்சும் கையுமாக வந்துவிட்டார் லேப் தம்பி. சாரோ அமெரிக்க ஷிப்ட் முடித்து அப்போதுதான் கொட்டாவி விடுகிறார். அவர் உடம்புக்கு அது எந்த ஊர் எட்டு மணியோ!

இந்த இளமை ஆசை புதிதல்ல. 1889இல் பாரிஸில் 72 வயது மருத்துவர் பிரௌன் செக்கார், நாய், கினிப்பன்றி விதைச்சாற்றை ஊசியில் ஏற்றிக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். தண்ணீரில் எடுத்த சாறு. டெஸ்டோஸ்டிரோன் பேருக்குத்தான் இருந்திருக்கும். ஆனாலும் வியாபாரம் அமோகம்.

"தம்பி, ரிப்போர்ட்ல வயசு குறையுமா?"

"தெரியாது சார். தைராய்டும் சேர்த்தா விலை குறையும்."